எட்டாயிரம் நானூறான கதை

மலாங் நகரத்தில் சுக்குன் பக்கம் வினார்சியின் விரல் படாத மணப்பெண் நெற்றி குறைவு. ஜாவாவில் கல்யாணப் பெண்ணின் நெற்றியில் கறுப்பு மையால் வளைவு வளைவாக வரைவார்கள். வலது பக்கத்து வளைவும் இடது பக்கத்து வளைவும் அச்சாக ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒரு அரிசி அகலம் பிசகினாலும் பெண்ணின் அத்தைமார்கள் ஆயுசுக்கும் அதைப் பற்றியே பேசுவார்கள். வினார்சி பதினாறு வருடமாக வரைகிறாள், பிசகியதில்லை. அந்தக் கண்ணும் கையும் வைத்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் அவள் கணினியில் கட்டை விளையாட்டு விளையாடுவாள் என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். அதனால் அவளும் சொல்வதில்லை.

சந்துக்குள் அந்த விளையாட்டைக் கொண்டுவந்தவர் பாக் ஹார்ஜித்தோ. பாக் என்றால் ஐயா, எர்தே என்றால் சந்துத் தலைவர்; அதனால் எல்லோருக்கும் அவர் 'பாக் எர்தே'. ஞாயிற்றுக்கிழமை சாக்கடை சுத்தம் செய்ய இளவட்டங்கள் ஏன் வருவதில்லை என்று துப்புத் துலக்கத்தான் முதலில் அதைத் தன் கணினியில் ஏற்றினார். இரண்டு வாரம் கழித்து இளவட்டங்கள் எல்லோரும் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். பாக் எர்தேயைத்தான் காணவில்லை. கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து, "இருங்கப்பா, ஒரு குகைக்குள்ள மாட்டிக்கிட்டேன்" என்று குரல் வந்தது.

பிறகு சந்தில் பாதிப் பேர் அவர் வீட்டுக் கணினியோடு தங்கள் கணினியை இணைத்துக்கொண்டார்கள். எல்லாமே சதுரக் கட்டைகளாலான ஓர் உலகம். மண்ணைத் தோண்டலாம், மரம் வெட்டலாம், வீடு கட்டலாம், கோழி வளர்க்கலாம். உள்ளே ஆளுக்கு ஒரு பொம்மை உருவம்; பாக் எர்தேயின் பொம்மை அங்கேயும் கறுப்புத் தொப்பி போட்டிருந்தது. புலி துரத்தினாலும் ஓடாது. "தலைவர் ஓடினா நல்லாவா இருக்கும்?" என்பார். அதனால் வாரத்துக்கு நாலு தடவை செத்துப்போவார். எல்லோருடைய பொம்மைக்கும் முக அலங்காரம் வினார்சிதான். பாக் எர்தேயின் பொம்மைக்குத் தவறுதலாக உதட்டுச் சாயம் பூசிவிட்டாள். அவர் கவனிக்கவில்லை, மற்றவர்கள் சொல்லவும் இல்லை.

வினார்சியின் கணவன் தேஜோவுக்குக் கல்யாண வீடுகளுக்கு லாரியில் ஒலிபெருக்கி கொண்டுபோய்க் கட்டும் தொழில். அவன் கட்டும் ஒலிபெருக்கி அடுக்கின் முன் நின்றால் சட்டைப் பொத்தான் தானாகக் கழன்றுவிடும் என்று அவனே பெருமையாகச் சொல்வான். கட்டை உலகத்தில் மின்சாரம் இல்லையே என்பது அவனுக்கு ஒரு குறை. இந்த மாதிரிக் குறை உள்ளவர்களுக்காக உலகத்தில் யார் யாரோ எழுதி வைத்திருக்கும் கூடுதல் மூட்டைகள் உண்டு, மாட் என்பார்கள். தேஜோ இரண்டு மாட்களை இறக்கினான். ஒன்றில் கொதிகலன், ஜெனரேட்டர், காற்றாலை. மற்றதில் விளக்கு, ஒலிபெருக்கி, சுழலும் இயந்திரங்கள். எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். முதல் ஆள் மின்சாரத்தை ஸ்த்ரும் என்ற கணக்கில் அளந்தான், இரண்டாம் ஆள் கிலாட் என்ற கணக்கில். நடுவில் ஒரு மாற்றிப் பெட்டி வைத்தால் ஒரு ஸ்த்ரும் நாலு கிலாட்டாக மாறி அந்தப் பக்கம் போகும். அப்படித்தான் பெட்டியின் மேல் எழுதியிருந்தது.

அந்த வருடம் சந்து முழுக்கப் பள்ளம். புதுச் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டுவிட்டு ஆட்கள் வேறெங்கோ போய்விட்டார்கள். ஆகஸ்டு பதினேழு, சுதந்திர தினம் வருகிறது. கயிற்றில் தொங்கும் அப்பளத்தைக் கையைக் கட்டிக்கொண்டு வாயால் கவ்வித் தின்னும் போட்டி இல்லாமல் சந்தில் அந்த நாள் விடிந்ததே இல்லை. பள்ளத்தின் மேல் அப்பளம் தொங்கவிட முடியுமா? பாக் எர்தே கூட்டம் போட்டார்.

"விழாவ உள்ள வெச்சுக்கலாம்" என்றார்.

"யார் வீட்டுக்குள்ள?" என்று பயந்தார்கள்.

"வீட்டுக்குள்ள இல்ல. கணினிக்குள்ள."

மூன்று வாரத்தில் கட்டை உலகத்தில் ஒரு மண்டபம் எழுந்தது. வரிசை வரிசையாக விளக்கு, தென்னை உயரத்துக்குத் தேஜோவின் ஒலிபெருக்கிக் கோபுரம், அப்பளங்களை மேலும் கீழும் ஆட்டிப் போக்குக் காட்டும் ஒரு சுழல் இயந்திரம். எல்லாம் ஓட நொடிக்கு எட்டாயிரம் கிலாட் வேண்டும் என்று தேஜோ கணக்குப் போட்டான். ஆற்றங்கரையில் கொதிகலன் கட்டி ஜெனரேட்டர் ஓட்டும் பொறுப்பு வினார்சிக்கு. தண்ணீரும் விறகும் அளந்து ஊட்டி, மையைக் குழைப்பது போலப் பதமாகப் பார்த்து, ஜெனரேட்டரின் மீட்டரில் சரியாக இரண்டாயிரம் ஸ்த்ரும் வரவைத்தாள். நாலால் பெருக்கினால் எட்டாயிரம். குறையும் இல்லை, கூடவும் இல்லை.

பாக் எர்தேக்கு மட்டும் ஒரு பயம். மின்சாரம் கொஞ்சம் குறைந்து, பாதி விளக்கு எரிந்து பாதி எரியாமல் போனால் மானம் போகுமே! மண்டப வாசலில் கிலாட் மீட்டர் ஒன்றை வைத்து, அதோடு ஒரு காவல் பெட்டியையும் சேர்த்துப் பொருத்தினார். மீட்டரில் எட்டாயிரம் என்று தெரிந்தால்தான் அது மின்சாரத்தை உள்ளே விடும். இல்லாவிட்டால் ஒரு பொட்டு கூட விடாது.

விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகையில் அத்தனை பொம்மைகளும் மண்டபத்தின் முன் கூடின. பாக் எர்தே ஒற்றை விரலால் தட்டித் தட்டி உரை ஆற்றினார். "அன்பான" என்ற சொல் வந்து "மக்களே" வருவதற்குள் இரண்டு பேர் நிஜத்தில் எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார்கள். கடைசியில் நெம்புகோலை இழுத்தார்.

ஒன்றும் ஆகவில்லை.

வாசல் மீட்டரில் நானூறு என்று இருந்தது.

"எட்டாயிரத்துல நானூறு போனா ஏழாயிரத்து அறுநூறு" என்று பாக் எர்தே தட்டினார். அதைத் தட்டி முடிக்கவும் நேரம் பிடித்தது. "ஏழாயிரத்து அறுநூறு கிலாட்ட எவனோ திருடுறான்."

எல்லாப் பொம்மைகளும் கம்பி வந்த வழியே திரும்பிப் பார்த்தன. ஆற்றங்கரையிலிருந்து மண்டபம் வரைக்கும் வந்த கம்பி நடுவில் ஒரே ஒரு கட்டடத்துக்கு அடியில் புகுந்து வந்தது. இபு முஜியாத்தியின் கோழிப் பண்ணை. முந்நூறு கோழி. பட்டப்பகலில் உள்ளே விளக்கு ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. யாரும் எதுவும் தட்டவில்லை. ஆனால் ஒரு பொம்மை பண்ணையைப் பார்த்து ஒரே ஒரு தடவை குதித்தது. அது போதுமாயிருந்தது.

இபு முஜியாத்தி, அதாவது முஜியாத்தி அம்மா, வினார்சியின் சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு. சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் டெம்பேயைச் சிப்ஸாகப் பொரித்து விற்பவள். ஐம்பது வயதுக்கு மேல், குரலுக்கு மட்டும் இருபது. அவள் மகள் நிகேனுக்கு அடுத்த மாதம் கல்யாணம், நெற்றி வரைய வேண்டியவள் வினார்சி. நிகேன் அவளை ம்பாக் என்பாள், அக்கா என்பது போல.

மறுநாள் காலை காய்கறிக்காரர் பைக்கை நிறுத்தியதும் இரண்டு பேரும் ஒரே கங்குங் கீரைக் கட்டில் கை வைத்தார்கள்.

"எடுத்துக்க வினார். நான் எடுத்தா அதையும் திருட்டுன்னு சொல்லுவாங்க" என்றாள் முஜியாத்தி.

"நான் எங்க இபு சொன்னேன்?"

"நீ சொல்லல. உன் பொம்மை குதிச்சுது."

"அது என் பொம்மை இல்ல, என் வீட்டுக்காரரு பொம்மை. அவருக்குக் குதிக்கிற பழக்கம் இருக்கு."

"என் கோழிங்க மேல சத்தியம், உன் மின்சாரத்துல ஒரு பொட்டு நான் தொட்டதில்ல."

"அப்போ பண்ணை எப்படி இபு அப்படி எரியுது? எங்க மண்டபத்துல ஒரு மின்மினிக்குக்கூட வழியில்ல."

காய்கறிக்காரர் தக்காளியை எடை போட்டபடியே, "எத்தன கோழிங்க?" என்று ஆர்வமாகக் கேட்டார். முஜியாத்தி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தக்காளியில் இரண்டைக் கூடப் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"கேட்டுக்க" என்றாள் முஜியாத்தி. "என்னத் திருடின்னு நெனைக்கிறவ கை என் பொண்ணு நெத்தியில படாது. கெப்பாஞ்சென்ல ஒரு அலங்காரக்காரி இருக்கா. அவளக் கூப்டுக்கறேன்."

வினார்சிக்குச் சுருக்கென்றது. கெப்பாஞ்சென் அலங்காரக்காரி வரைந்த வளைவுகளை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு பக்கம் வாத்து, ஒரு பக்கம் வாழைப்பழம். ஏழாயிரத்து அறுநூறு போனால் போகட்டும், நிகேனின் நெற்றி போகலாமா?

அன்று மத்தியானமே தேட ஆரம்பித்தாள். தேஜோ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கேபிள்தான் டிக்" என்றான். ஜாவா வழக்கப்படி மனைவியை டிக் என்றுதான் கூப்பிடுவான், தங்கச்சி என்பது போல; அவள் அவனை மாஸ் என்பாள், அண்ணன் என்பது போல. ஒலிபெருக்கித் தொழிலில் எது கெட்டாலும் அவனுக்குக் கேபிள்தான் காரணம். ஒரு தடவை பாடகிக்கு இருமல் வந்தபோதும் கேபிளைத்தான் மாற்றினான்.

அவள் கம்பி முழுவதையும் கழற்றினாள். ஜெனரேட்டரை ஒட்டி மாற்றிப் பெட்டி, பெட்டியை ஒட்டிக் கிலாட் மீட்டர். நடுவில் ஒரு விரற்கடை கம்பி கூடக் கிடையாது, எந்தக் கோழியும் கிடையாது. மீட்டரில் நானூறு.

"அப்போ பெட்டிதான்" என்றான் தேஜோ.

புதுப் பெட்டி செய்து வைத்தாள். நானூறு. பெட்டியைத் தலைகீழாக வைத்தாள். நானூறு. பெட்டியை எடுத்துவிட்டாள். பூஜ்யம்.

"பாத்தியா, பெட்டி வேல செய்யுது" என்றான் தேஜோ திருப்தியாக.

"மாஸ், நீங்க போய் லாரியத் தொடைங்க."

அவளுக்கு ஒன்று மட்டும் புரிந்தது. கம்பியே இல்லாமல் நானூறு என்றால் கம்பியில் திருட்டு இல்லை. ஆனால் போட்டது இரண்டாயிரம், வர வேண்டியது எட்டாயிரம், வந்தது நானூறு. பண்ணையில் அவ்வளவு வெளிச்சம். கண்ணால் பார்த்துவிட்டால் மனசு ஆறும் என்று தோன்றியது. கம்பியை மறுபடி பழையபடி இழுத்துக் கட்டிவிட்டு, ஆற்றங்கரையிலிருந்து பண்ணைக்கு அடியில் ஒரு சுரங்கம் தோண்டினாள்.

இதற்கிடையில் பாக் எர்தே கட்டை உலகத்தில் ரோந்து முறை போட்டிருந்தார். அந்த உலகத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இருட்டிவிடும். ஆகவே ஒருவர் சாயங்காலம் குளித்துவிட்டு வருவதற்குள் ரோந்துக்காரர் இரண்டு ராத்திரி கண்விழித்தாக வேண்டும். அன்றைய முறை அவருடையது. வினார்சி தோண்டும் சத்தம் கேட்டு, திருடன் என்று துரத்தினார். ஆனால் நடந்து துரத்தினார். அவர் வருவதற்குள் வினார்சி பண்ணைத் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிட்டாள்.

முந்நூறு கோழிகளுக்கு நடுவில் முஜியாத்தியின் பொம்மை கையில் துடைப்பத்தோடு நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிஜக் குரல் வந்தது. "வினார்! என் கோழிக்குடிசையில உனக்கு என்னடி வேல?"

"இல்ல இபு, சும்மா இப்படிப் போனேன்" என்று வினார்சி சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"பூமிக்கு அடியிலயா?"

"குறுக்கு வழி இபு."

"நில்லு அங்கயே. கோழிய மிதிக்காத. நான் வரேன்."

பொம்மை நகரவில்லை. நிஜ முஜியாத்திதான் மடிக்கணினியை முறம் மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு, பள்ளத்தின் மேல் போட்ட பலகையைத் தாண்டி, பின்னால் நிகேனும் வர, வாசலில் வந்து நின்றாள். எண்ணெய் வாசனை கூடவே வந்தது. மேசை மேல் கணினியைத் தொப்பென்று வைத்தாள்.

"பாரு. கண்ணத் தொறந்து நல்லாப் பாரு. பண்ணைக்குப் பின்னால என்ன சுத்துது?"

ஒரு சின்னக் காற்றாலை சுற்றிக்கொண்டிருந்தது.

"என் சொந்தக் காத்து. எழுபத்தஞ்சு ஸ்த்ரும் வருது. உன் கம்பி அது பாட்டுக்கு அடியில போகுது, என் விளக்கு அது பாட்டுக்கு மேல எரியுது. போதுமா?"

வினார்சிக்கு முகம் சிவந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தவள், பண்ணைச் சுவரில் மாட்டியிருந்த மீட்டரைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"இபு, எழுபத்தஞ்சு ஸ்த்ரும்னா, நாலால பெருக்கி, முந்நூறு கிலாட் வரணும் இல்ல?"

"ஆமா. அதுக்கென்ன?"

"உங்க மீட்டர்ல பதினஞ்சு காட்டுது."

முஜியாத்தி குனிந்து பார்த்தாள். இத்தனை நாளாக விளக்கு எரிகிறதா என்று பார்த்தவள் மீட்டரைப் பார்த்ததே இல்லை. அவள் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள்.

"ஐயோ! எனக்கும் திருட்டுப் போயிருக்கு! இருநூத்தி எண்பத்தஞ்சு போச்சே! எந்தப் பாவிடா அது, கோழிங்க வெளிச்சத்துல போய்க் கை வெச்சவன்?"

"கொஞ்சம் இருங்க இபு" என்றாள் வினார்சி. விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். "முந்நூறு இருக்க வேண்டிய எடத்துல பதினஞ்சு. இருபதுல ஒரு பங்கு. எனக்கு எட்டாயிரம் இருக்க வேண்டிய எடத்துல நானூறு. அதுவும் இருபதுல ஒரு பங்கு. எந்தத் திருடனாவது ஒவ்வொரு வீட்டுலயும் சரியா இருபதுல ஒரு பங்க எண்ணி வெச்சுட்டுப் போவானா?"

"நல்ல குடும்பத்துத் திருடனா இருந்தா?" என்றாள் முஜியாத்தி, ஆனால் குரலில் அவ்வளவு உறுதி இல்லை.

வினார்சி கண்மை வரையும்போது போடும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். கிலாட் மீட்டரில் எண்ணுக்குப் பின்னால் ஒரு சாய்ந்த கோடு, அதற்குப் பின்னால் கொசு முட்டை அளவில் ஒரு எழுத்து. ஆங்கில T, அங்கே 'தே' என்பார்கள். அது எழுத்தென்றே இதுவரை யாருக்கும் தெரியாது. திரையில் ஒட்டிய அழுக்கு என்று நினைத்துத் தேஜோ ஒரு தடவை அவளுடைய ஒப்பனை கழுவும் திரவத்தால் துடைத்தும் பார்த்திருந்தான். அவள் தன் ஜெனரேட்டர் மீட்டரைத் திறந்து பார்த்தாள். அதிலும் அதே மாதிரி ஒரு கோடு, ஒரு எழுத்து. ஆனால் D, அதாவது 'டே'.

"டேன்னா டெதிக், நொடி. நொடிக்கு இரண்டாயிரம். சரி. தேன்னா என்ன?"

"டிக்" என்றாள் நிகேன். அவள் அதுவரை வாசலில் நின்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டுக்காரரு மாதிரி நீயும் என்னை டிக்குன்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டியா?"

"இல்ல ம்பாக், டிக். விளையாட்டோட நாடித்துடிப்பு. நொடிக்கு இருபது தடவ துடிக்கும். அந்த மீட்டர் ஒரு துடிப்புக்கு எவ்வளவுன்னு காட்டுது. உங்க மீட்டர் ஒரு நொடிக்கு எவ்வளவுன்னு காட்டுது. நானூறு இருபது தடவ வந்தா எட்டாயிரம்தானே?"

வெளியே தேஜோ லாரியைத் துடைத்துக்கொண்டே பாடுவது கேட்டது.

"உனக்கு இது எப்போலேருந்துடி தெரியும்?" என்றாள் முஜியாத்தி.

"மொதல்லேருந்தே. என்னை யாரு கேட்டீங்க? ரெண்டு பேரும் கீரைக்கட்டப் புடிச்சு இழுத்துட்டு இருந்தீங்க."

முஜியாத்தி எளிதில் நம்புகிறவள் இல்லை. கடையில் எண்ணெய் வாங்கினால் புட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பவள். ஆகவே சோதித்தார்கள். எண்பதாயிரம் கிலாட் பிடிக்கும் காலி பேட்டரி ஒன்றை வினார்சி தன் கம்பியில் மாட்டினாள். வருவது நொடிக்கு எட்டாயிரம்தான் என்றால் பத்து நொடியில் நிரம்பும். வெறும் நானூறு என்றால் மூன்று நிமிடத்துக்கும் மேல் ஆகும். முஜியாத்தி மேசையைத் தட்டித் தட்டி எண்ணினாள். ஆர்வத்தில் எண்ணுவதும் தட்டுவதும் வேகமெடுத்தன. அவள் பதினாலு என்றபோது பேட்டரி நிரம்பிப் பச்சையானது. சுவர்க் கடிகாரத்தில் பத்து நொடிதான் ஆகியிருந்தது.

"திருட்டே இல்ல" என்றாள் வினார்சி.

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் முஜியாத்தி. பிறகு கொஞ்சம் யோசித்து, "அப்போ என் இருநூத்தி எண்பத்தஞ்சும் பத்திரமா இருக்கு" என்றாள். இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் போய், நிகேன் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

சிரிப்பு அடங்கியபோதுதான் வினார்சிக்கு உறைத்தது. மண்டபத்துக்கு வேண்டியது நொடிக்கு எட்டாயிரம். அது முதல் நாளிலிருந்தே வாசல் வரை ஒழுங்காக வந்து நின்றிருக்கிறது. உள்ளே விடாதது பாக் எர்தேயின் காவல் பெட்டிதான். மீட்டரில் எட்டாயிரம் தெரியட்டும் என்று அது தவம் கிடக்கிறது. தெரிய வேண்டியதோ நானூறு. பெட்டியில் ஒரு எண்ணை மாற்றினால் தீர்ந்தது.

"பாக் எர்தேகிட்ட சொல்லிட்டு வரலாம் வாங்க இபு. விழா இன்னைக்கு நாலு மணிக்குத்தானே."

முஜியாத்தியின் முகம் மாறியது.

"வினார், ஒண்ணு சொல்லுவேன், கோவிக்காத. நேத்து பாக் எர்தே வீடு வீடா வந்தாரு. உன் ஜெனரேட்டர் பத்தல, உன் மனசு நோகும், உன்கிட்ட சொல்ல வேணாம், எல்லாரும் சேந்து ஆளுக்கு ஒண்ணு கட்டிக் குடுங்கன்னாரு. மலைக்குப் பின்னால பத்தொன்பது கொதிகலன் வரிசையா நிக்குது, உன்னோடதையும் சேத்தா இருபது. அதுல ஒண்ணு என்னோடது. திருடின்னு சொன்னவங்க முன்னால குடுத்துக் காட்டணும்னு வைராக்கியம்."

"எப்போ பத்த வைப்பாரு?"

"நாலு மணிக்கு."

கடிகாரத்தில் நாலுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. கணினியில் தட்டிச் சொல்லலாம் என்று வினார்சி எழுதிப் பார்த்தாள். ஆனால் பாக் எர்தே உரை ஆற்றும்போது மற்றவர்கள் குறுக்கிடாதபடி எல்லோருடைய தட்டச்சையும் முடக்கி வைத்திருந்தார். மூன்று பேரும் எழுந்து ஓடினார்கள். பலகை ஆடியது. முஜியாத்தியின் ஒரு செருப்பு பள்ளத்துக்குள் போயிற்று. "விடு, அது போகட்டும்" என்று ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு ஓடினாள்.

பாக் எர்தே நிஜத்திலும் கறுப்புத் தொப்பி போட்டுக்கொண்டு, பாத்திக் சட்டையில் மடிப்புக் கலையாமல் கணினி முன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் தேநீரின் மேல் ஆவி பறந்தது.

"பாக்! நிறுத்துங்க! பத்த வெக்காதீங்க!"

"பத்த வெச்சாச்சு ம்பாக் வினார்" என்றார் அவர் பெருமிதமாக. "பாருங்க, எப்படி ஏறுதுன்னு. ஆறாயிரம். ஏழாயிரம். நீங்க வருத்தப்படாதீங்க. ஒருத்தரால ஆகலேன்னா எல்லாரும் சேந்து தூக்கறதுதான் நம்ம சந்து."

"அது நொடி இல்ல பாக், டிக்!"

"யாரு?"

மீட்டரில் எட்டாயிரம் ஒளிர்ந்தது. காவல் பெட்டி கடமை தவறாமல் திறந்துகொண்டது. நொடிக்கு எட்டாயிரம் கேட்ட மண்டபத்துக்குள் நொடிக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் புகுந்தது.

முதலில் விளக்குகள் வெள்ளையாகிப் பிறகு நீலமாகிப் பிறகு இல்லாமலே போயின. தேஜோவின் ஒலிபெருக்கிக் கோபுரம் 'தொம்' என்று ஒரே ஒரு தாளம் போட்டது; அந்த ஒரு தாளத்தில் தானும் சிதறி, மண்டபத்துக் கூரையையும் கூட்டிக்கொண்டு போயிற்று. அப்பளச் சுழல் இயந்திரம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றியது. போட்டிக்குக் கையைக் கட்டி நின்ற பொம்மைகள் ஒவ்வொன்றாக அப்பளம் பட்டு வானத்தில் பறந்தன. பாக் எர்தேயின் பொம்மை வாழ்நாளில் முதல் தடவையாக ஓட ஆரம்பித்தது. நாலு அடி ஓடியிருக்கும். பெரிய அப்பளம் ஒன்று பிடரியில் விழுந்து அதை ஆற்றில் தள்ளியது. அந்த அதிர்வில் கோழிப் பண்ணைச் சுவர் சரிந்தது. சுதந்திரம் என்றால் என்ன என்று அன்று அந்த உலகத்தில் முழுசாக அறிந்துகொண்டவை அந்த முந்நூறு கோழிகள்தான்.

சந்தில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் "ஐயோ" என்றும், அதை அடுத்துச் சிரிப்பும் கேட்டன. பாக் எர்தே மட்டும் தேநீர்க் கோப்பையை வாய்க்குப் பாதி வழியில் பிடித்தபடி உறைந்திருந்தார்.

வினார்சி அவருக்குப் பொறுமையாக விளக்கினாள். நொடி, டிக், கொசு முட்டை எழுத்து, இருபதால் பெருக்குவது. அவர் நாலு தடவை தலையாட்டினார். ஐந்தாவது தடவை புரிந்தது.

"அப்போ தப்பு என் பெட்டியிலதானா?"

"பெட்டி சரியாத்தான் வேல செஞ்சுது பாக். எண்ணுதான் வேற."

"ம்பாக் வினார், இன்னொரு கேள்வி. என் பொம்மை தண்ணியில மெதக்குதே, அதோட உதடு ஏன் செவப்பா இருக்கு?"

"குளிரு பாக்" என்றாள் முஜியாத்தி சட்டென்று.

மறுநாள் காலை சந்து ஒலிபெருக்கியில் அவர் தொண்டையைக் கனைத்து அறிவித்தார். "சந்து மக்கள் கவனத்துக்கு. மின்சாரத் திருட்டு எதுவும் நடக்கவில்லை. டிக் நடந்தது. இபு முஜியாத்தி அவர்களிடமும் அவருடைய கோழிகளிடமும் நிர்வாகம் வருத்தம் தெரிவிக்கிறது." விளையாடாத வீட்டுக்காரர்கள் அன்று முழுவதும் டிக் என்றால் என்ன காய்ச்சல் என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

வினார்சி முஜியாத்தி வீட்டுக்குப் போய், நின்றபடியே மன்னிப்புக் கேட்டாள். முஜியாத்தி ஒரு பொட்டலம் சிப்ஸை அவள் கையில் திணித்து, "கெப்பாஞ்சென்காரி வரமாட்டேன்னுட்டா" என்றாள். அவள் கெப்பாஞ்சென்காரியைக் கூப்பிடவே இல்லை என்று நிகேன் பிறகு சொன்னாள். கல்யாணத்தன்று வினார்சி நிகேனின் நெற்றியில் வளைவுகளை வரைந்து முடித்ததும் அத்தைமார்கள் ஏழு பேரும் வரிசையாக வந்து குனிந்து பார்த்தார்கள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல், தேஜோவின் ஒலிபெருக்கி சத்தம் அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மண்டபத்தைத் திரும்பக் கட்ட ஒரு மாதம் பிடித்தது. கோழிகளில் இருநூற்றுச் சொச்சம்தான் திரும்பி வந்தன. மற்றவை மலை மேல் தனிக் குடித்தனம் போய்விட்டன.

பிறகு ஒரு சாயங்காலம் தேஜோ கணினியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடிவந்தான். வினார்சி வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்தாள்.

"டிக், இதப் பாரேன். ஸ்த்ரும கிலாட்டா மாத்தி, அந்தக் கிலாட்ட இன்னொரு பெட்டி வெச்சுத் திரும்ப ஸ்த்ருமா மாத்துனேன். போட்டது நூறு. திரும்பி வந்தது நூத்தி ரெண்டு."

"ரெண்டு எங்கேயிருந்து வந்துச்சு மாஸ்?"

"அதான் தெரியல. அந்த நூத்தி ரெண்ட மறுபடி உள்ள விட்டேன். நூத்தி நாலு."

வினார்சி கரண்டியோடு நின்று அவனைப் பார்த்தாள். "இத யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"பாக் எர்தேகிட்ட மட்டும். ரொம்ப சந்தோஷப்பட்டாரு. கொதிகலனே இனி வேணாம்னு ஒரு கமிட்டி போட்டுட்டாரு. நீதான் தலைவி."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு, வாழைக்காய்த் தட்டை ஒரு கையிலும் பூதக்கண்ணாடியை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு போய்க் கணினி முன் உட்கார்ந்தாள்.